பட்டாசு டீச்சரின் வினைச்சொல்

டீச்சருக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. சாக்பீஸ் ஈரமாக இருந்தால் போதும். குடையை மடக்காமல் வகுப்புக்குள் கொண்டுவந்து சொட்டவிட்டால் போதும். எபிரேயத்தை வலப்பக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்று தொண்டை கிழியச் சொன்ன பிறகும் ஒருத்தன் இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தான் என்றால், அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் காது மிஞ்சாது. போதகராகப் போகிற பிள்ளைகள் படிக்கிற கல்லூரி அது. சாந்தம், பொறுமை, இன்சொல் எல்லாம் அங்கே பாடத்திலேயே உண்டு. அந்த இடத்தில் வேதத்தின் மூலமொழியைச் சொல்லிக்கொடுக்க இப்படி ஒரு மனுஷி. பட்டாசு டீச்சர் என்று பெயர் வைத்தவன் எவன் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர்ப் பொருத்தத்தில் மட்டும் ஒருவரும் குறை சொன்னதில்லை.

இவ்வளவு கத்திய டீச்சர் தனக்காக ஒருநாளும் கத்தியதில்லை. அதுதான் இங்கே விஷயம். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

டீச்சருடைய அப்பா அதே கல்லூரியின் அச்சகத்தில் மிஷின்மேன். அச்சகத்துக்குப் பின்னால் உடைந்த எழுத்துப் பெட்டிகளும் காலி மை டப்பாக்களும் கொட்டிக்கிடந்த ஒரு மூலை இருந்தது. அந்தக் காலத்துப் பிரின்சிபால் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, "இதைச் சுத்தம் பண்ணி ஒரு வீடு கட்டிக்கோப்பா. உன் பிள்ளைங்க காலம் வரைக்கும் உங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார். வாயால் சொன்னதுதான். அப்பா வேலை முடிந்து வந்து செங்கல் அடுக்கினார், அம்மா கலவை சுமந்தாள். ஒரு கூடம், ஒரு அறை, ஓர் அடுப்படி. கூடத்து ஜன்னல் அச்சகத்தில் கழித்துப்போட்ட இரும்புச் சட்டத்தில் செய்தது. அது என்றைக்குமே ஒழுங்காக மூடியதில்லை.

அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் கேட்டு வளர்ந்த வசனம் ஒன்று உண்டு. வேத வசனம் இல்லை, அப்பாவின் வசனம். "சத்தம் போடாதீங்க, குடுத்த இடம்." சிரித்தால் அதைச் சொல்வார். சண்டை போட்டால் சொல்வார். அம்மாவுக்குக் கடைசியாக வலி வந்து அலறியபோதும், பாவி மனுஷன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் சொன்னார். தன் கையால் கட்டின வீட்டில் ஆயுசு முழுக்க விருந்தாளி மாதிரி நடந்தார். அக்கா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்த் தப்பித்தாள். தங்கை அங்கேயே இருந்தாள். வீட்டுக்குள் பூனை, வாசலைத் தாண்டினால் பட்டாசு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு டீச்சர் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

எபிரேயம் வந்ததே ஒரு கோபத்தில்தான். பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரி ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்திருந்தார். அப்போதைய எபிரேய வாத்தியாரின் பாடக் குறிப்புகளை அடிக்கும்போது மூலச்சொல் வருகிற இடத்தையெல்லாம் வெற்றாக விட வேண்டும். வாத்தியார் பிறகு பேனாவால் நிரப்பிக்கொள்வார். பக்கம் பக்கமாக ஓட்டை விட்டு அடித்து அலுத்துப்போய், "இதுல என்ன சார் எழுதுவீங்க?" என்று ஒருநாள் கேட்டார். "அது உனக்கெதுக்கும்மா?" என்றார் வாத்தியார். வந்ததே கோபம். அன்று மாலையிலிருந்து கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எழுப்பிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். வெளியூர்த் தேர்வுகளை எழுதித் தேறினார். அந்த வாத்தியார் ஓய்வுபெற்றபோது பாடம் நடத்த வேறு ஆள் கிடைக்கவில்லை. வேண்டாவெறுப்பாக இவரைப் போட்டார்கள்.

எல்லா வினைச்சொல்லையும் நடத்துவார். ஆனால் ஒன்றை நடத்துகிற நாளில் மட்டும் பக்கத்து ஆபீஸ்காரர்கள் முன்கூட்டியே கதவைச் சாத்திவிடுவார்கள். 'ட்ஸாஅக்' என்று வரும் அந்தச் சொல்.

"இதை மெதுவா சொல்லிக் காட்டு பார்ப்போம்" என்று முதல் பெஞ்சை எழுப்புவார். பையன் முனகுவான். "கேட்டுதா? யாருக்காவது கேட்டுதா? நடுவுல தொண்டைக்குள்ள ஒரு எழுத்து ஒக்காந்திருக்குடா. அதைத் தாண்டணும்னா வயித்துலேர்ந்து காத்து வரணும். ரகசியம் பேசற சொல் இல்ல இது. கத்து!"

கத்துவான். பிறகு வகுப்பே கத்தும். கத்தி முடித்ததும் டீச்சர் மேஜையில் சாய்ந்துகொண்டு பொருளைச் சொல்வார்.

"அழறதுக்கு வேற சொல் இருக்கு. ஜெபம் பண்றதுக்கு வேற சொல் இருக்கு. இது ரெண்டும் இல்ல. எனக்கு அநியாயம் நடந்துபோச்சு, கேக்க வேண்டியவன் நீ, கேளுன்னு ஒருத்தர் முன்னாடி போய் நின்னு போடற சத்தம். கொலையான தம்பியோட ரத்தம் மண்ணுக்குள்ளேர்ந்து போட்ட சத்தம் இது. வைக்கோல் குடுக்காம செங்கல் அறுக்கச் சொன்னப்ப அடிமைங்களோட மேஸ்திரிங்க போய் ராஜாகிட்ட போட்ட சத்தம் இது. அப்பாவோட ஆசீர்வாதத்தைத் தம்பி தட்டிக்கிட்டுப் போனப்ப அண்ணன்காரன், அவ்ளோ பெரிய வேட்டைக்காரன், போட்டான் பாரு, அதுவும் இதான். இரவல் கோடாலி ஆத்துல விழுந்தப்ப ஒருத்தன் போட்டதும் இதான். சிரிக்காதே. அவனுக்கு அந்தக் கோடாலிதான்டா பெரிசு."

சட்டப் பகுதிக்கு வரும்போது குரல் இன்னும் ஏறும். "ஊருக்குள்ள ஒரு பொண்ணுக்கு அநியாயம் நடந்தா, அவ இந்தச் சத்தம் போட்டாளான்னுதான் மொதல்ல கேக்கறாங்க. போடலைன்னா அவ மேலயே பழி. ஊர் காதைப் பொத்திக்கிட்டிருந்தா அதை யாரு கேக்கறது? அதை ஏன்டா எவனும் எழுதி வைக்கலை?" என்று, அந்தச் சட்டத்தை இயற்றியவனே முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி, மாணவர்களைப் பார்த்து உறுமுவார். பிறகு கொஞ்சம் தணிந்து, "விதவையும் அப்பா இல்லாத பிள்ளையும் இந்தச் சத்தம் போட்டா நான் கேப்பேன்னு கடவுள் சொல்றாரு. கேட்டவன் சும்மா இருக்கக்கூடாது. அதுவும் இந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. எழுதிக்கோ" என்பார்.

ஒரு வருஷம் முதல் பெஞ்சில் ஒல்லியாக ஒரு பையன் இருந்தான். குரல் உடைகிற அளவுக்குக் கத்தினான். அந்த வினைக்கு அவன் எழுதிய விடையை டீச்சர் மற்ற வகுப்புகளிலும் படித்துக் காட்டினார். இப்போது கல்லூரியின் பிரின்சிபால் அவன்தான். சரி, அவர்தான்.

இதற்கிடையில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. டீச்சர் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். அக்காவைக் குளிப்பாட்டி, கை காலை நீவிவிட்டு, குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நடக்கச் சொல்லிக்கொடுத்து, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகக் குளியலறை வரை போகிற அளவுக்குத் தேறியதும் திரும்பினார். ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது.

வந்து பார்த்தால் வாசலில் வேறு பூட்டு. கதவில் 'மொழிபெயர்ப்புக் குழு அறை' என்று பலகை. கையில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"டீச்சர், அது இப்போ கமிட்டி ரூம்."

"எது?"

"உங்க வீடுதான், டீச்சர்."

சாமான்களெல்லாம் அச்சகத்துக் காகிதக் கிடங்கில் கிடந்தன. அம்மாவின் கட்டில் மேல் காகித ரீம்களை அடுக்கியிருந்தார்கள். கட்டிலின் ஒரு கால் வளைந்திருந்தது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, எலி வராமலிருக்கப் பக்கத்தில் மருந்து வைத்திருந்தார்கள். அதில் மட்டும் அக்கறை.

டீச்சர் நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனார். ஈரச் சாக்பீசுக்கே கட்டடத்தை அதிரவைத்தவர் இப்போது கூரையைப் பிய்க்கப்போகிறார் என்று ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது. பிரின்சிபாலும் எழுந்து நின்றார்.

"டீச்சர், வாங்க வாங்க. அக்கா எப்படி இருக்காங்க? நீங்க திரும்பி வர நாளாகும்னு நெனைச்சோம். இடம் சும்மா கிடக்குதேன்னு கவுன்சில்ல முடிவு பண்ணிட்டாங்க. என் கையில எதுவும் இல்ல. நீங்க பொறுமையா ஒரு மனு எழுதிக் குடுங்க, நான் எடுத்து வைக்கிறேன். அதுவரைக்கும் ஹாஸ்டல்ல ஒரு கட்டில் போடச் சொல்றேன்."

"சரி சார்" என்றார் டீச்சர்.

சரி சாராம்! எபிரேய எழுத்தில் ஒரு புள்ளியை மாற்றிப் போட்ட பையனை அழவிட்ட வாய், குடும்பமே சேர்ந்து கட்டின வீட்டைப் பிடுங்கினவனிடம் சரி சார் என்றது. குடுத்த இடம், சத்தம் போடாதே. செத்துப்போன அப்பா குரல்வளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று அக்காவுக்குப் போன் செய்தார். அக்காவுக்கு இன்னும் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை, வார்த்தைகளை இழுத்து இழுத்துத்தான் போடுவாள்.

"நீ... என்னடி சொன்னே?"

"மனு எழுதிக் குடுக்கறேன்னு சொன்னேன்."

"நீயா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "வாதம்... எனக்கு வந்துச்சா... உனக்கு வந்துச்சாடி?"

டீச்சர் போனை வைத்தார். மனு எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நினைவூட்டி இன்னொன்று எழுதினார். அதுவும் பரிசீலனைக்குப் போனது. ஹாஸ்டலில் பேத்தி வயதுப் பெண்களோடு குளியலறைக்கு வரிசையில் நின்றார். அந்தக் கோபமெல்லாம் வகுப்பில்தான் போய் வெடித்தது. மாணவர்கள் நடுங்குவதை விட்டு ரசிக்க ஆரம்பித்திருந்தார்கள். "இன்னைக்குச் சரவெடிடா" என்று வராந்தாவில் சிரித்துக்கொண்டார்கள். இவர் கோபத்தை யாரும் பொருட்படுத்தாமல் போனதில் இவருக்கும் பங்கிருந்தது. குடைக்கும் சாக்பீசுக்கும் அதைச் செலவழித்துவிட்டாரே.

இப்படி இருக்கும்போதுதான், வேதத்தைப் புதிதாகத் தமிழாக்குகிற அந்த மொழிபெயர்ப்புக் குழுவில் எபிரேயத்துக்கு ஆள் வேண்டும் என்று டீச்சரையே கூப்பிட்டார்கள். கூடிப் பேசுகிற இடம் எது? அவருடைய கூடம். ஜன்னலை எடுத்துவிட்டு ஏசி வைத்திருந்தார்கள். அம்மா படுத்திருந்த மூலையில் தண்ணீர் கேன். தலைமை நாற்காலியில் பிரின்சிபால், இடப்பக்கம் நடையைச் சரிபார்க்கிற தமிழ் ஐயா, வலப்பக்கம் கிரேக்க வாத்தியார். ஒரு சில கூட்டங்களுக்கு டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு மத்தியானம் ராஜாக்கள் காலத்துக் கதை ஒன்று வந்தது. பஞ்சம் வரப்போகிறது என்று தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டு ஒருத்தி குடும்பத்தோடு அயல்நாட்டுக்குப் போகிறாள். ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். வீடும் வயலும் கைவிட்டுப் போயிருக்கின்றன. தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் ராஜாவிடம் போகிறாள். அங்கே அவள் செய்ததற்கு மூலத்தில் போட்டிருக்கிற வினை, டீச்சர் வருஷா வருஷம் கத்தவைத்த அதே வினை.

கதையை அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தார்கள் ஐயா! வீடு பறிபோன ஒருத்தியின் கதையை, பறிகொடுத்தவளை எதிரே உட்காரவைத்து, பறித்த வீட்டுக்குள்ளேயே, அவள் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாசித்தார்கள். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே! படித்தவர்கள் கூடிச் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும். வசனத்தை அவ்வளவு உற்றுப் பார்ப்பார்கள், எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

"இந்த இடத்துல 'விண்ணப்பம் செய்தாள்'னு போட்டிருக்கேன்" என்றார் தமிழ் ஐயா. "கூக்குரல், ஓலம் எல்லாம் காதைக் குத்துது. ராஜா முன்னாடி ஒரு பொம்பளை. பணிவா இருந்தாத்தான் படிக்க நல்லாருக்கும்."

"அழகா இருக்கு ஐயா" என்றார் கிரேக்க வாத்தியார்.

"அங்க பணிவு இல்லைங்க" என்றார் டீச்சர். குரல் உள்ளேயே நின்றது.

"வெளிக்காதுல போட்டுப் பார்த்துடலாம்" என்றார் பிரின்சிபால். அது அந்தக் குழுவின் வழக்கம். மொழிபெயர்த்ததை, வேதம் படித்துப் பழகாத ஒருவருக்கு வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பார்கள். அன்றைக்கு டீ கொண்டுவந்த எதிர்க்கடை அம்மாவையே நிற்கச் சொல்லி வாசித்தார்கள்.

"என்னம்மா புரிஞ்சுது?"

"ஊருக்குப் போயிருந்தப்ப யாரோ அந்தம்மா வீட்டை எடுத்துக்கிட்டாங்க. திரும்பி வந்து மனு குடுத்திருக்காங்க."

"பிரமாதம். அப்புறம் என்ன ஆகியிருக்கும்?"

"என்ன ஆகும்? அலைய விட்டிருப்பாங்க" என்றாள் அவள், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சிபாலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கதையில அப்படி இல்லம்மா. ராஜா ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு, வீடு, வயல், அவ போன நாள்லேர்ந்து வந்த விளைச்சல், எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கச் சொல்றாரு."

"மனு குடுத்ததுக்கா?" அவள் நம்பாமல் டீச்சரைப் பார்த்தாள். "அப்படிக்கூட நடக்குமா டீச்சர்?"

டீச்சர் எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"நடக்காது. அவ மனு குடுக்கலை" என்றார். "சத்தம் போட்டா. ராஜா உள்ள பேசிட்டிருக்கும்போதே போய் நின்னு சத்தம் போட்டா. நான் சொல்லிக்குடுத்தேன், நீ எழுதினே, ஞாபகம் இருக்கா?" பிரின்சிபாலைப் பார்த்துத்தான் கேட்டார். சாரும் போயிற்று, நீங்களும் போயிற்று. "கேட்டவன் சும்மா இருக்கக்கூடாதுன்னு நீதானடா எழுதினே!"

"டீச்சர், கொஞ்சம் மெதுவா..."

"என்னடா மெதுவா? எங்கம்மா செத்த இடத்துல தண்ணி கேன் வெச்சிருக்கே! எங்கப்பா வெச்ச செங்கல்மேல சாஞ்சுக்கிட்டு எனக்கே இந்தக் கதையைப் படிச்சுக் காட்டறே! மெதுவாத்தான் இருந்தேன், இத்தனை மாசம். என் வீட்டைக் குடுடா! என் வீட்டைக் குடு!"

தமிழ் ஐயா பேனாவைத் திறந்து மூடினார். பிரின்சிபாலின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு அதில் ஒரு கனிவு வந்தது, பிரசங்க மேடையில் வருமே, அந்தக் கனிவு.

"டீச்சர் சொல்றது நியாயம்தான்" என்றார் மற்றவர்களைப் பார்த்து. "விண்ணப்பம் இங்க பத்தாது. 'கூக்குரலிட்டாள்'னே போட்டுக்கலாம். என்ன ஐயா?"

"போட்டுக்கலாம், போட்டுக்கலாம்" என்றார் தமிழ் ஐயா. கிரேக்க வாத்தியார் டீச்சரைப் பார்த்து, பெரிய பரிசு கிடைத்தவரைப் பார்க்கிற மாதிரி, தலையாட்டிப் புன்னகை செய்தார். பழைய சொல்லை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

டீச்சர் அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டைக் கேட்டால் வார்த்தையைக் கொடுக்கிறார்கள்.

"வார்த்தையை நீயே வெச்சுக்கோ" என்றார். "எனக்கு வீடு வேணும்."

"அது அடுத்த கவுன்சில்ல பார்க்கலாம், டீச்சர். அடுத்த வசனத்துக்குப் போலாமா?"

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அச்சகத்தைத் தாண்டி, ஆபீசைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே தெருவில் போய்க் கல்லூரியைப் பார்த்து நின்றார். மத்தியான ஷிப்ட் முடிந்து அச்சகத்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் கூட்டம். எதிர்ப்பக்கம் தையல்கடை, டீக்கடை, பாங்க். எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று, வயிற்றிலிருந்து காற்றை இழுத்து, "என் வீட்டைக் குடுங்க!" என்று கத்தினார்.

இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள். "பட்டாசு ரோட்டுக்கே வந்துடுச்சுடா" என்றான் ஒருவன். இரண்டாம் தடவை கத்தியபோது அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை தையல்கடையில் மிஷின் நின்றது. யார் கட்டினது, யார் சொன்னது, எப்போது பூட்டினது, கட்டில் எங்கே கிடக்கிறது, எல்லாவற்றையும் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் பிறகு வீட்டைக் குடு என்றார். "மிஷின்மேன் பொண்ணு" என்று அச்சகத்து ஆள் ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னார். "அவங்க வீடுதான். சுவத்துல இருந்து ஜன்னலைப் பேத்ததே நாங்கதான், செய்யச் சொன்னாங்க." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டார். டீக்கடை அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். பஸ் வந்தது, பாதிப் பேர் ஏறவில்லை.

குரல் உடைந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு மறுபடியும் கத்தினார். நன்றாக இருந்தது. ஆயுசிலேயே முதல் தடவையாக, எதற்குக் கத்த வேண்டுமோ அதற்குக் கத்துகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

கடைசியில் பிரின்சிபால் வந்தார். வேகமாக வந்தவர், கேட்டுக்கு வெளியே அத்தனை பேரைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கையைக் குவித்தார்.

"டீச்சர், ஜனங்க பார்க்கறாங்க. எதுவா இருந்தாலும் உள்ள வந்து பேசுங்க. ப்ளீஸ், உள்ள வாங்க."

"உள்ள வரத்தான்டா கத்தறேன்" என்றார் டீச்சர். "சாவியைக் குடு."

நீட்டிய கையை டீச்சர் மடக்கவில்லை. கூட்டமும் நகரவில்லை.